போய் வருகிறேன் என்றவர்

நம் வீடுகளில் வாசலைத் தாண்டும்போது "போகிறேன்" என்று சொன்னால் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். "போய் வருகிறேன்" என்று சொல்ல வைப்பார்கள். மாமல்லபுரத்தை அடுத்த மீனவக் குப்பங்களில் இந்தச் சொல்லுக்கு அழுத்தம் அதிகம். விடியுமுன் கடலுக்குப் போகிறவர் திரும்பி வந்தால்தான் அன்றைய நாள் அந்த வீட்டில் முடியும்.

யோவான் நற்செய்தி 13 முதல் 17 வரையுள்ள அதிகாரங்களில், இறுதி இரவுணவில் இயேசு தம் சீடர்களிடம் விடைபெறுவதைப் பார்க்கிறோம். அவர்களுடைய காலடிகளைக் கழுவியாயிற்று. யூதாசு இருளுக்குள் வெளியேறிவிட்டான். மற்றவர்களைப் பிள்ளைகளே என்று அழைத்து, தாம் போகப்போவதைச் சொல்கிறார். திரும்பி வருவதாகவும் சொல்கிறார். 14ஆம் அதிகாரத்தின் இறுதியில் எழுந்து புறப்படச் சொன்னவர், மேலும் மூன்று அதிகாரங்கள் பேசுகிறார்! தனித்தனி உரைகள் பின்னர் இணைக்கப்பட்டதே காரணம் என்பர் விவிலிய அறிஞர் பலர். நமக்கோ விடைபெற்ற பின்னும் வாசற்படியில் நின்று பேசும் நம் உறவினர்களே நினைவுக்கு வருகிறார்கள்.

அந்தப் பந்தியில் தோமா ஒரு கேள்வி கேட்டார். போகுமிடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும்? புரிந்ததுபோல் தலையாட்ட அவருக்குத் தெரியவில்லை. வழி தாமே என்று இயேசு சொன்னது அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான். அதே தோமா கி.பி. 72இல் நம் செங்கல்பட்டு மறைமாவட்டத்திலுள்ள பரங்கிமலையில் குத்திக் கொல்லப்பட்டார் என்பது நம் மரபு. 1523இல் போர்த்துக்கீசியர் அங்கே ஆலயம் எழுப்பினர்.

அவர்களைத் திக்கற்றவர்களாக விடப்போவதில்லை என்றும் இயேசு அன்றிரவு சொன்னார். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் குறிக்கும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புவிழாவின் மறுநாள், ஞாயிறு காலை. சுனாமி இக்கரையைத் தாக்கிய பிறகு அந்தச் சொல்லை இங்கே வாசிப்பது நமக்கு எளிதாக இல்லை. குருக்களாகிய நாம் அடக்கத் திருப்பலியில் தந்தையின் இல்லத்தில் இடம் உண்டு என்ற பகுதியை வாசித்து, விரைவாக ஆறுதலுக்குப் போய்விடுகிறோம். இயேசு அப்படி விரைந்ததாகத் தெரியவில்லை. நீங்கள் அழுவீர்கள் என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். பேறுகால வேதனையிலிருக்கும் பெண்ணை உவமையாக்குகிறார். அதன் பிறகே மகிழ்ச்சியைப் பற்றிச் சொல்கிறார். தமக்குப் பதிலாகத் துணையாளரான தூய ஆவியாரைத் தருவதாகச் சொல்வதும், அழப்போகிறவர்களிடம்தான்.

போனவர் வந்தாரா? யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் ஏழு சீடர்கள் திபேரியக் கடலில் இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் இருக்கிறார்கள். அவர்களுள் தோமாவும் ஒருவர். விடியற்காலையில் கரையில் ஒருவர் நிற்கிறார். கரியடுப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, சாப்பிட வாருங்கள் என்று அவர்களை அழைக்கிறார்.