கப்பல் தூசியும் குடும்ப நலமும்



கடலே கண்ணில் படாத வத்தலக்குண்டில் கப்பல் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் கப்பற்படைக்கும், துறைமுகத்துக்கும், கப்பல் பட்டறைக்கும் போய் உழைத்துவிட்டு, வயதான பிறகு ஊர் திரும்புகிறார்கள். சிலர் நெஞ்சில் ஒரு தூசியும் கூடவே வருகிறது. அதைப் பற்றிக் கணவனும் மனைவியும் சேர்ந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்நார் என்றால் என்ன?

அஸ்பெஸ்டாஸ் என்று சொல்கிறோமே, அதுதான் கல்நார். பூமியில் வெட்டி எடுக்கும் கனிமம். கல்தான், ஆனால் பஞ்சு மாதிரி நார் நாராகப் பிரியும். நெருப்பில் எரியாது; சூட்டையும் தடுக்கும். ஆகவே பழைய கப்பல்களில் பாய்லர், நீராவிக் குழாய், என்ஜின் அறை எல்லாவற்றுக்கும் இதைத்தான் சுற்றினார்கள். பழுது பார்க்கப் பிரிக்கும்போது தூசி பறக்கும். காற்றோட்டம் குறைந்த கப்பல் அறையில் அந்தத் தூசியைத்தான் சுவாசிக்க வேண்டும்.

கேடு தெரிந்த பிறகு, புதிதாகக் கப்பலில் கல்நார் பொருத்துவதற்கு உலக அளவில் 2002-ல் பெரும்பாலும் தடை வந்தது. 2011 முதல் முழுத் தடை. பழைய கப்பல்களில் இருந்தது இருந்தபடியே இருந்தது. 2005 டிசம்பர் கடைசியில் பிரான்சு நாட்டின் கிளமென்சோ என்ற பழைய போர்க்கப்பலை உடைப்பதற்காகக் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு அனுப்பினார்கள். அதிலிருந்த கல்நாரால் எதிர்ப்பு எழுந்தது. வழியிலேயே திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

உடம்புக்கு என்ன செய்யும்?

கண்ணுக்குத் தெரியாத அந்த நார் நுரையீரலில் குத்தி நின்றுவிடும். இருமினாலும் வெளியே வராது. கரைக்க மருந்தும் இல்லை. நாளாவட்டத்தில் நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், வறட்டு இருமல் வரும். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலை மூடிய சவ்வில் வரும் புற்றுநோயும் உண்டாகலாம். பீடி சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு ஏறும்.

நோய் உடனே தெரியாது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துத்தான் தலை காட்டும். அப்போது "வயசாச்சு, அதான் மூச்சு வாங்குது" என்று விட்டுவிடுகிறோம்.

மனைவிக்கு எப்படி வரும்?

இது தொற்று நோய் அல்ல. தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டாம். ஒரே வீட்டில் படுத்து எழுந்தால் ஒட்டாது. ஆனால் வேலை உடுப்பில் வந்த தூசி ஒட்டும். அதை உதறித் துவைத்த மனைவிமாருக்கும் இந்த நோய் வந்திருப்பதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். இன்றும் தூசி வேலைக்குப் போகிறவர் உடுப்பை வேலையிடத்திலேயே மாற்றிவிட்டு வர வேண்டும். அந்த உடுப்பை வீட்டில் உதறவே கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. மூச்சு வாங்கல், நாள்பட்ட இருமல் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் அவசியம்.

2. டாக்டர் கேட்காவிட்டாலும், "கப்பலில் பாய்லர் பக்கம் இத்தனை வருஷம் வேலை பார்த்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள். மனைவியும் "அந்த உடுப்பை நான்தான் துவைத்தேன்" என்று சொல்லட்டும். மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் எடுத்தால் விவரம் தெரியும்.

3. பீடி சிகரெட்டை இன்றே விடுங்கள்.

4. டிஸ்சார்ஜ் புத்தகம், வேலைச் சான்று, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் பத்திரப்படுத்துங்கள்.

என்ன உதவி உண்டு?

பிரிட்டனில் இந்தச் சவ்வுப் புற்றுநோய் வந்த முன்னாள் படைவீரருக்கு ஒரே தவணையில் 1,40,000 பவுண்டு பெற்றுக்கொள்ள 2016-ல் வழி செய்தார்கள். அமெரிக்காவில் மாத உதவித்தொகை தருகிறார்கள்.

நம் நாட்டில் நோய் படைச் சேவையால் வந்தது, அல்லது சேவையால் முற்றியது என்று ஏற்கப்பட்டால் ஊன ஓய்வூதியம் கேட்கலாம். அப்படி ஏற்கப்பட்ட நோயால் கணவர் இறந்துபோனால் மனைவிக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. மனு தள்ளுபடியானால் சென்னையில் உள்ள படைத்துறைத் தீர்ப்பாயத்தை நாடலாம். ஓய்வூதியம் பெறும் படைவீரருக்கும் மனைவிக்கும் 2003-ல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் சிகிச்சை உண்டு. மனு எழுத திண்டுக்கல் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

படையில் இல்லாமல் ஆலையிலோ பட்டறையிலோ உழைத்தவருக்கும் உரிமை உண்டு. 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்திலும், இ.எஸ்.ஐ. சட்டத்திலும் கல்நார் நோய் தொழில் நோயாகச் சேர்க்கப்பட்டிருந்தது. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் குறைந்தது 40 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது.

காலம் கடந்துவிட்டதே என்று சோர்ந்துவிடாதீர்கள். நம் தலைக்கு மேலேயே கொடைக்கானலில் பாதரசம் புழங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. அங்கே உழைத்த 591 பேருக்கு உதவித்தொகை தரும் உடன்பாடு 2016-ல்தான் ஏற்பட்டது. பதினைந்து வருஷம் விடாமல் கேட்டார்கள், கிடைத்தது.

ஆகவே இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து, எந்தக் கப்பல், எந்த வேலை, எந்த வருஷம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். டாக்டருக்கும் மனுவுக்கும் முதலில் வேண்டியது அந்தத் தாள்தான்.