அறிவிப்பும் ஓர் இடுபொருள்தான்!

2024 நவம்பர் கடைசி வாரத்தில் திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் பெய்த கனமழை உங்களுக்கு நினைவிருக்கும். இளம் சம்பா, தாளடிப் பயிர்கள் பல இடங்களில் தண்ணீரில் மூழ்கின. மழை விட்ட பிறகு, டிசம்பர் முதல் வாரத்தில் கூத்தாநல்லூர் பக்கம் வயல் பார்க்கப் போயிருந்தேன். மூன்று ஏக்கர் குத்தகை நிலத்தில் தாளடி நட்டிருந்த ஒரு விவசாயி, வடிகாலை அடைத்துக் கிடந்த ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். பயிர்க் காப்பீடு செய்தீர்களா என்று கேட்டேன்.

“போனேன் சார். அடங்கல் கைக்கு வர்றதுக்குள்ள பதினஞ்சாம் தேதி முடிஞ்சிடுச்சு. அதோட விட்டுட்டேன்” என்றார்.

அந்த ஆண்டு சம்பா பயிர்க் காப்பீட்டின் கடைசி நாள் நவம்பர் 15-லிருந்து நவம்பர் 30-க்கு நீட்டிக்கப்பட்டது. கையில் அடங்கலோடு பதினைந்து நாட்கள் அவர் வீட்டிலேயே இருந்திருக்கிறார். நீட்டிப்புச் செய்தி நில உரிமையாளரின் கைப்பேசிக்குப் போயிருக்கிறது. அவர் இருப்பது சிங்கப்பூரில்.

விதை, உரம், தண்ணீர், ஆள் என்று நாம் இடுபொருள் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கில் அறிவிப்பையும் சேர்க்க வேண்டும். உரம் பத்து நாள் தள்ளிப் போனால் மகசூல் குறையும் என்பது நமக்குத் தெரியும். அறிவிப்பு பத்து நாள் தள்ளிப் போனால் சில நேரம் முழு வெள்ளாமையும் பாதுகாப்பில்லாமல் நிற்கும்.

ரேடியோ நெல் சொன்ன பாடம்

செய்தி சரியாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தஞ்சை மாவட்டமே சாட்சி. 1960-களின் பிற்பாதியில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தது. திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு அதன் சாகுபடி முறையைத் தொடர்ந்து சொல்லிவந்தது. அதைக் கேட்டுப் பயிரிட்ட விவசாயிகள் அந்த ரகத்துக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். குறித்த நேரத்தில், பேச்சுத் தமிழில், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொன்னதுதான் அதற்குக் காரணம்.

ஊருக்குள் செய்தி சொல்லத் தண்டோரா இருந்தது. அந்த வேலையை ஒரு பிரிவினர் தலையிலேயே சுமத்தும் வழக்கம் சரியல்ல என்று 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்றும் கூறியது. நியாயமான முடிவு. ஆனால் தண்டோரா நின்ற இடத்தில் வேறு ஏற்பாடு எல்லா ஊரிலும் வந்துவிட்டதா? பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுதான் வந்திருக்கிறது. அதில் இல்லாதவருக்குச் செய்தியும் இல்லை.

கூத்தாநல்லூரில் ஒருவர் மௌத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழியாகக் கால்மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். சுற்றுக் கிராமங்களில் கோயில் திருவிழா அறிவிப்பும் அப்படித்தான். செய்தி சொல்லும் வசதி ஊரில் இருக்கிறது. விவசாயச் செய்திக்கு அதைப் பயன்படுத்தும் வழக்கம்தான் இல்லை.

யாருக்குச் செய்தி சேருவதில்லை?

முதலில் குத்தகைதாரர்கள். கூத்தாநல்லூர் வட்டாரத்தில் நில உரிமையாளர் குடும்பங்கள் பல வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கின்றன. பட்டா அவர்கள் பெயரில். பதிவான கைப்பேசி எண்ணும் அவர்களுடையது. வயலில் நிற்பவர் வேறொருவர். குத்தகைதாரரும் பயிர்க் காப்பீட்டில் சேரலாம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. உரிமையாளர்களே, உங்களுக்கு வரும் குறுஞ்செய்தியை அன்றைக்கே சாகுபடி செய்பவருக்கு அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு அது ஒரு நிமிட வேலைதான்.

அடுத்து பெண்கள். கணவர் வெளிநாட்டில் இருக்க, நாற்றங்கால் முதல் அறுவடை வரை பார்ப்பவர் மனைவி. ஆனால் பதிவேட்டில் இருப்பது கணவரின் பழைய எண். வேளாண் உதவி அலுவலரிடம் போய் உங்கள் எண்ணை இந்த வாரமே மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் தரப்பிலும் குறை உண்டு. ஒருமுறை, “கனமழைக்கு வாய்ப்புள்ளதால் தழைச்சத்து மேலுரமிடுதலை ஒத்திவைக்கவும்” என்று நானே எழுதி அனுப்பினேன். அதைப் படித்த ஒரு பெண் விவசாயி தொலைபேசியில் கேட்டார்: “யூரியா போடலாமா, வேணாமா? அதச் சொல்லுங்க சார்.” அன்றிலிருந்து “மூன்று நாளைக்கு யூரியா போடாதீர்கள்” என்றே எழுதுகிறேன்.

ஐந்து வரி போதும்

‘உரிய ஆவணங்களுடன் உரிய காலத்துக்குள் பதிவு செய்து பயன்பெறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று முடியும் அறிவிப்பைப் படித்தவர் எங்கே போவார், எதை எடுத்துப் போவார்? களப்பணியாளர்களும் ஊராட்சிப் பணியாளர்களும் கீழ்க்காணும் ஐந்து வரிகளில் எழுதிப் பாருங்கள்.

என்ன: சம்பா, தாளடி நெல் பயிர்க் காப்பீடு.
யாருக்கு: சொந்த நிலத்தாருக்கும் குத்தகைதாருக்கும்.
கடைசி நாள்: தேதியும் கிழமையும்.
எங்கே: தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், வங்கி, பொது சேவை மையம்.
எடுத்து வர வேண்டியது: சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம்.

இவற்றின் கீழே அறிவிப்பு எழுதிய தேதியைக் கட்டாயம் போடுங்கள். தேதி இல்லாத செய்திதான் அடுத்த ஆண்டும் வாட்ஸ்அப்பில் சுற்றி வந்து குழப்புகிறது. கடைசி நாள் மாறினால் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். நான் சந்தித்த விவசாயி நவம்பர் 15 என்ற தேதியைச் சரியாகவே அறிந்திருந்தார். தேதி மாறியதுதான் அவரை எட்டவில்லை.

டெல்டா விவசாயியின் அறிவிப்பு நாட்காட்டி

*மே, ஜூன்:* மேட்டூர் அணை திறப்பு. வழக்கமான நாள் ஜூன் 12. 2022-இல் மே 24, 2023-இல் ஜூன் 12, 2024-இல் ஜூலை 28, 2025-இல் ஜூன் 12 என்று மாறி மாறித் திறக்கப்பட்டது. அங்கே திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே 3, 4 நாட்கள் ஆகும். அதன்பின் வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து, உங்கள் வாய்க்காலுக்கு வர வேண்டும். எனவே அணை திறந்த தேதியோடு, உங்கள் மதகில் முறை வரும் நாளையும் கேட்டு எழுதி வையுங்கள்.

*ஆகஸ்ட், செப்டம்பர்:* ரகம் முடிவு செய்யும் காலம். மேட்டூர் அணையை மூடும் வழக்கமான நாள் ஜனவரி 28. அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 155 நாள் ரகமான சி.ஆர். 1009 சப் 1-ஐ ஆகஸ்ட் 20-இல் விதைத்தால் ஜனவரி 22 வாக்கில் அறுவடை. அதையே செப்டம்பர் 20-இல் விதைத்தால் அறுவடை பிப்ரவரி 22-க்குப் போய்விடும். பால் பிடிக்கும் நேரத்தில் ஆற்றில் தண்ணீர் இருக்காது. தண்ணீர் தாமதமானால் டி.கே.எம். 13 போன்ற 130 நாள் ரகத்துக்கு மாறுங்கள். செப்டம்பர் 20-இல் விதைத்தாலும் ஜனவரி 28-இல் அறுத்துவிடலாம். ஓர் அறிவிப்பு எப்படி ரகத்தையே தீர்மானிக்கிறது பாருங்கள்.

*அக்டோபர், நவம்பர்:* வானிலை அறிவிப்பும் காப்பீடும். வானிலைத் துறை ‘கனமழை’ என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ., ‘மிக கனமழை’ என்றால் 12 முதல் 20 செ.மீ., ‘அதி கனமழை’ என்றால் அதற்கும் மேல். வேளாண் வானிலை அறிக்கை வாரந்தோறும் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வருகிறது. கனமழை என்று வந்தால் உரம் போடுவதை நிறுத்துங்கள், வடிகாலைத் திறந்து வையுங்கள். சம்பா காப்பீட்டில் விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசி நாளுக்காகக் காத்திருக்காமல் நடவு முடிந்ததும் அடங்கலுக்குச் சொல்லிவிடுங்கள்.

*ஜனவரி, பிப்ரவரி:* நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறக்கும் நாள், முன்பதிவு, ஏற்கும் ஈரப்பத அளவு. வழக்கமான வரம்பு 17 சதவீதம். மழைக்காலத்தில் தளர்வு அறிவிக்கப்பட்டால் அதையும் உடனே தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் நெல்லை மீண்டும் காயப்போட்டால் ஆள்கூலி வீண். உங்கள் வருவாய் கிராமத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளும் ஊருக்குத் தெரிய வேண்டும். காப்பீட்டு இழப்பீட்டை அந்த மகசூல்தான் தீர்மானிக்கிறது. உளுந்து, பயறு தெளிக்க வேண்டியது அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு. ஆகவே விதை இருப்பு பற்றிய செய்தி ஜனவரி தொடக்கத்திலேயே பலகையில் இருக்க வேண்டும்.

கிராம சபையில் கேளுங்கள்

கூத்தாநல்லூர் நகராட்சி. ஆனால் அதைச் சுற்றியுள்ள விவசாயக் கிராமங்கள் பல ஊராட்சிகள். அங்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

1. ரேஷன் கடை அல்லது பேருந்து நிறுத்தத்தில், மழை படாத ஒரு கரும்பலகை. விவசாயச் செய்திக்கு மட்டும்.

2. வாரம் ஒருநாள், குறித்த நேரத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பு. வயல் வேலைக்குக் கிளம்பும் முன், காலை ஆறரை மணி சரியாக இருக்கும்.

3. ஒவ்வொரு தெருவுக்கும் ஒருவர். கைப்பேசி இல்லாதவர் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்வது அவர் பொறுப்பு. குடியிருப்பு எதுவும் விடுபடக் கூடாது.

இதற்கு மானியமோ திட்டமோ தேவையில்லை. சந்தேகம் வந்தால் வேளாண் உதவி அலுவலரையோ நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். விவசாயிகள் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551. பயிர்க் காப்பீட்டுக்கு 14447.

அந்தத் தாளடி விவசாயியின் பயிர் பாதி தேறியது. மீதிக்கு ஈடு இல்லை. போன ஆடி மாதம் போயிருந்தபோது, அவர் தெரு டீக்கடைச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. மேலே தேதி, கீழே தண்ணீர் முறை. சாக்கட்டியால் எழுதியது அவருடைய மகள். எழுதியதில் சந்தேகம் இருந்தால் எனக்குப் போன் செய்து கேட்கிறாள்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு விவசாயச் செய்தி வந்தால், பக்கத்து வயல்காரரிடம் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.