எண்ணெயில் ஒளிந்திருந்த உதறல்

2025 ஜூன் மாதம், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் உள்ள ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீதான ஒரு வழக்கில் முழு அமர்வாகத் தீர்ப்புச் சொன்னது. 2015 முதல் 2019 வரையிலான மாடல்களில், எட்டு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பொருத்திய சுமார் 8 லட்சம் வண்டிகள் சம்பந்தப்பட்ட வழக்கு அது. ஷெவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா ஆகிய பிக்கப் டிரக்குகளும் அந்தப் பட்டியலில் உண்டு. உரிமையாளர்களின் முக்கியப் புகார்களில் ஒன்று, சீரான வேகத்தில் போகும்போது வண்டி உதறுகிறது என்பது. 26 மாநிலங்களின் உரிமையாளர்கள் கூட்டாக வழக்கு நடத்தலாம் என்று கீழ் நீதிமன்றம் தந்திருந்த அனுமதியை முழு அமர்வு ரத்து செய்து, மறுபடி பரிசீலிக்கும்படி திருப்பி அனுப்பியது. எல்லோருடைய வண்டியும் உதறவில்லையே என்பது நீதிபதிகளை உறுத்திய விஷயங்களில் ஒன்று.

செய்திகளில் வந்தது சட்டச் சண்டைதான். கியர்பாக்ஸுக்குள் நடந்த கதை அதைவிடச் சுவையானது.

அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் சொன்ன அடையாளம் ஏறக்குறைய ஒன்றுதான். மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 130 கிலோமீட்டர் வரை எந்த வேகத்திலும் வரலாம். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி, ஏற்ற இறக்கம் இல்லாத சாலையில் போய்க்கொண்டிருப்பார்கள். திடீரென்று, ஓட்டும்போது கண்ணயர்பவரை எழுப்பச் சாலையோரம் போட்டிருக்கும் வரிமேடுகளின் மேல் சக்கரம் ஏறியதுபோல, இருக்கையும் தரையும் சில நொடிகள் படபடவென்று அதிரும். பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி அடங்கிவிடும். சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போனால் அங்கே வராது.

புதுவண்டி அதிர்ந்தால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது டயரைத்தான். வீல் பேலன்சிங் செய்வார்கள். அடங்காவிட்டால் டயரையே மாற்றுவார்கள். அடுத்த சந்தேகம், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளமான புரோப்பலர் ஷாஃப்டின் மேல். இந்தச் சந்தேகங்கள் தவறானவை அல்ல. ஆனால் ஒரு பாகத்தைக் கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நொடிக்கு எத்தனை அதிர்வு?

கணக்கு எளிது. இந்த வகை பிக்கப்பின் டயர் சுமார் 80 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஒன்பது சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். பின் அச்சின் பல்விகிதம் 3.42 என்றால் புரோப்பலர் ஷாஃப்ட் நொடிக்கு 30 சுற்று. எட்டாவது கியரில் இன்ஜின் நொடிக்கு 20 சுற்று சுற்றும். எட்டு சிலிண்டரும் வேலை செய்தால் நொடிக்கு 80 வெடிப்பு, எரிபொருளை மிச்சப்படுத்தப் பாதியை நிறுத்தி வைத்தால் 40. ஆக டயரின் குற்றம் 9-இல் தெரியும், ஷாஃப்டின் குற்றம் 30-இல், இன்ஜினின் குற்றம் 40-இலோ 80-இலோ. வண்டியின் வேகம் கூடினால் டயர், ஷாஃப்ட் இரண்டின் எண்ணும் அதே விகிதத்தில் கூடியாக வேண்டும். சுழலும் பாகம் எதுவானாலும் தன் சுற்றுக்குக் கட்டுப்பட்டுத்தான் அதிரும்.

இந்த உதறல் அந்த விதிக்கு அடங்கவில்லை. சக்கரத்தின் சுற்றோடு அது ஒட்டிப்போகவில்லை. வேகம் மாறாமல் இருக்கும்போதே வரும், போகும். பிரேக் மிதியை லேசாகத் தொட்டால், வண்டியின் வேகம் குறைவதற்கு முன்பே சட்டென்று நின்றுவிடும். எது சுழல்கிறது என்று தேடியவர்கள் அதனால்தான் திகைத்துப் போனார்கள். உதறலின் பிறப்பிடம் சுழற்சியில் இல்லாமல் உராய்வில் இருந்தது.

ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. இன்ஜின் பக்கத்துத் துடுப்புகள் எண்ணெயை வீச, எதிர்ப்பக்கத்துத் துடுப்புகள் அந்த வீச்சில் சுழலும். மென்மையான ஏற்பாடு, ஆனால் கொஞ்சம் சக்தி வழுக்கி வீணாகும். அதைத் தடுக்க உள்ளேயே ஒரு கிளட்ச் உண்டு. சீரான வேகம் வந்ததும் அது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். முழுவதும் இறுகப் பிடித்தால் இன்ஜினின் ஒவ்வொரு வெடிப்பும் அப்படியே ஓட்டுபவரின் முதுகுக்கு வந்துவிடும். அதனால் கணினி அந்தக் கிளட்சை முழுதாக இறுக்காமல், நிமிடத்துக்குச் சில பத்துச் சுற்றுகள் மட்டும் வழுக்கும்படி விட்டுவைக்கிறது. எண்ணெயில் மூழ்கிய காகித வகைப் பட்டை ஒன்று, இரும்புத் தகட்டின் மேல் மணிக்கணக்கில் மெல்ல உரசிக்கொண்டே போகிறது. பிரேக்கைத் தொட்டதும் கணினி அந்தப் பிடியை விட்டுவிடும். உதறல் அந்த நொடியே நின்றதற்குக் காரணம் அதுதான்.

உரசல் ஏன் உதறலாக மாற வேண்டும்? வீடு மாற்றும் நாளில் இரும்பு பீரோவைத் தள்ளியவர்களுக்கு விடை தெரியும். தள்ளுகிறோம், அசையாது. இன்னும் பலம் கொடுக்கிறோம். முழங்கையும் தோளும் இறுகுகின்றன. ‘டர்ர்ர்’ என்று நாலு விரற்கடை ஓடி நிற்கிறது. மறுபடி தள்ள, மறுபடி ‘டர்ர்ர்’. கீழ்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார். நின்றிருக்கும் பீரோவைத் தரை பிடிக்கும் பிடி பெரிது, நகரும்போது பிடிக்கும் பிடி சிறிது. நகரத் தொடங்கியதும் பிடி தளர, கையில் சேர்ந்திருந்த இறுக்கம் பீரோவை முன்னால் எறிகிறது. எறிந்ததும் கை தளர்கிறது, தரை திரும்பப் பிடித்துக்கொள்கிறது. யாரும் பீரோவை ஆட்டவில்லை. தள்ளியவர் ஒரே சீராகத்தான் தள்ளினார். ஆட்டம் தானாகப் பிறந்தது. ஆட்டத்தின் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை, தள்ளுபவரின் கை எவ்வளவு விறைப்பு, பீரோ எவ்வளவு கனம் என்ற இரண்டும்தான்.

டிரக்கில் தள்ளுபவர் இன்ஜின். லேசாக முறுக்கிக்கொள்ளும் ஷாஃப்டுகள் முழங்கை. கிளட்ச் தகடு தரை. பீரோவின் கீழே தேங்காய் எண்ணெய் ஊற்றினால் சத்தம் போகும் என்று தோன்றலாம். போகும், ஆனால் பிடியும் போய்விடும்; பிடிப்பதற்கென்றே இருக்கிற கிளட்சுக்கு அது ஆகாது. இங்கே வேண்டியது வேறு மாதிரித் தரை: மெதுவாக நகரும்போது கொஞ்சம் விட்டுக்கொடுத்து, வேகம் கூடக் கூட அதிகமாகப் பிடிக்கும் தரை. அப்படிப்பட்ட தரையில் பீரோ முன்னே பாய்ந்தால் தரை இழுத்துப் பிடிக்கும், பின்தங்கினால் வழி விடும். ஆட்டம் கிளம்பும்போதே அடங்கும். எந்தக் கொத்தனாராலும் இப்படி ஒரு தரை போட முடியாது. கியர்பாக்ஸ் எண்ணெய் தயாரிப்பவர்கள் போட்டிருக்கிறார்கள்.

எப்படி? எண்ணெயில் உராய்வைத் திருத்தும் வேதிப்பொருள்களைச் சிறிதளவு கரைத்திருப்பார்கள். அவற்றின் மூலக்கூறு நீளமானது. ஒரு முனை மின்துருவத்தன்மை கொண்டதால் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். மறுமுனை எண்ணெயை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். கோடிக்கணக்கான மூலக்கூறுகள் நெருக்கமாக நின்றால் இரும்பின் மேல் மிக மெல்லிய ஒரு படலம் உருவாகிறது. மெதுவாக உரசும்போது பட்டை இந்தப் படலத்தின் மேல்தான் நகர்கிறது, கிடுக்கிப்பிடி விழுவதில்லை. வேகம் கூடும்போது படலத்தின் உதவி குறைந்து உராய்வு ஏறுகிறது. உராய்வையும் உரசும் வேகத்தையும் வரைபடமாகப் போட்டால் கோடு மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கீழ்நோக்கிச் சாய்ந்த அன்றைக்குப் பீரோ ‘டர்ர்ர்’ என்னும். பெரிய செலவில் கியர்பாக்ஸைக் கழற்றுவதா வேண்டாமா என்ற கேள்வி ஒரு கோட்டின் சாய்வில் தொங்குகிறது என்பது இந்தத் துறையின் அழகுகளில் ஒன்று.

ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் அந்தக் கோட்டைக் கவிழ்த்தது ஈரம் என்பது வழக்கில் வெளிவந்த விளக்கம். முதலில் ஊற்றப்பட்ட எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் இயல்பு கொண்டதாக இருந்தது. நீரின் மூலக்கூறும் துருவத்தன்மை உடையது. இரும்பின் மேல் திருத்தி மூலக்கூறு பிடித்து வைத்திருக்கும் இடத்துக்கே அதுவும் போட்டி போடும். படலத்தில் ஓட்டை விழுந்தால் மெதுவான உரசலில் பிடி ஏறிவிடும். எல்லா வண்டியும் ஒரே மாதிரி உதறாததில் வியப்பில்லை. ஒவ்வொன்றும் குடித்த ஈரம் வேறு, ஓடிய சாலை வேறு, இழுத்த சுமை வேறு. நீதிமன்றத்தில் சிக்கலாக நின்ற அதே வேறுபாடு, வேதியியலில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான்.

டார்க் கன்வெர்ட்டரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் அதற்குக் காப்புரிமை பெற்றது கப்பல்களுக்காக. 1949-இல் பேக்கார்டு கார் டார்க் கன்வெர்ட்டருக்குள் பூட்டும் கிளட்சை வைத்தது. ஒரு தகவலை மட்டும் விட்டுவிட மனமில்லை: தொடக்க கால ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்களில் உராய்வைத் திருத்தியது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். 1970-இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாக அறிவித்த பிறகு, வேதியியலாளர்கள் அவசரமாக மாற்றுத் தேடினார்கள். இன்றைய செயற்கைத் திருத்திகள் அந்தத் தேடலின் வழித்தோன்றல்கள்.

அந்த டிரக்குகளின் உதறலைச் சரிசெய்ததும் எண்ணெயால்தான். சர்வீஸ் சென்டர்களுக்கு நிறுவனம் முதலில் அனுப்பிய சுற்றறிக்கைகளின்படி, பழையதை வடித்துவிட்டு அதே வகை எண்ணெயையே புதிதாக நிரப்பினார்கள். உதறல் சில காலம் அடங்கி, பல வண்டிகளில் திரும்பி வந்தது. புது எண்ணெயும் ஈரம் இழுக்கும் அதே எண்ணெய்தானே. பிறகு வந்த சுற்றறிக்கை வேறு கலவையில் செய்த மொபில் 1 எண்ணெயைக் குறிப்பிட்டு, இயந்திரம் வைத்துப் பழையதை முழுவதும் வெளியேற்றச் சொன்னது. காகிதப் பட்டையின் நுண்துளைகளில் பழைய எண்ணெய் ஊறிக் கிடக்கும் என்பதால், மாற்றிய அன்றே உதறல் போய்விடாது. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் பலன் தெரியும். ஒரு போல்ட் மாறவில்லை, ஒரு பல்சக்கரம் மாறவில்லை. பட்டை ஏற்கெனவே கருகிப்போன வண்டிகளுக்குத்தான் டார்க் கன்வெர்ட்டரையே மாற்ற வேண்டியிருந்தது. கியர் விழும்போது இடிக்கிறது என்பது இதே வழக்கில் உள்ள இன்னொரு புகார். அதற்கு இந்த எண்ணெய் மருந்தல்ல.

இந்தக் கியர்பாக்ஸ் அறிமுகமானபோது நிறுவனம் சொன்ன பெருமைகள் இரண்டு: இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸையும் மிஞ்சும் கியர் மாற்றம், ஆறு கியர் பெட்டியைவிட 5 சதவீதம் வரை கூடுதல் திறன். அந்த 5 சதவீதத்தைத் துரத்தும்போது கிளட்ச் குறைந்த வேகத்திலேயே பிடிக்க வேண்டியிருக்கிறது, அதிக நேரம் உரசிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. விளம்பரப் பக்கத்தில் கியர்களின் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். பாரத்தைச் சுமக்கும் எண்ணெயைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று வாகன விற்பனையில் அடிக்கடி காதில் விழும் பேச்சையும் அப்படியே நம்புவதற்கில்லை. ‘இந்த வண்டிக்கு இது சகஜம்’ என்று உதறலோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது அதைவிட மோசம். உதறல் ஓர் அளவீடு; அதைச் சகஜம் என்று சொல்பவர் அளவெடுக்க மறுக்கிறார். ஒரு பாட்டில் கலந்தால் எல்லா உதறலும் தீரும் என்று விற்கப்படும் மருந்துகளிடமும் எச்சரிக்கை வேண்டும். கோடு ஏன் சாய்ந்தது என்று தெரியாமல் ஊற்றினால், பிடிக்க வேண்டிய இடத்திலும் கிளட்ச் வழுக்கத் தொடங்கலாம்.

ஆட்டோமேட்டிக் பிக்கப் உதறும்போது பயனுள்ள குறிப்பு மிகச் சிறியது: வேகம், கியர், இன்ஜின் சுற்று, ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருந்தது. காலியான சாலையில், விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பிரேக்கைத் தொட்டுப் பார்க்கலாம். அதே நொடியில் உதறல் நின்று இன்ஜின் சுற்று ஒரு படி ஏறினால் டயருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. நிற்காமல் வேகத்தோடு சேர்ந்து கூடிக் குறைந்தால், அப்போது சக்கரத்தைக் கழற்றலாம். எண்ணெய் மாற்றிய ரசீதில் ‘கியர் ஆயில்’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் போதாது. எந்தத் தரம், எத்தனை லிட்டர், பழையது முழுதாக வெளியேற்றப்பட்டதா என்று கேட்டு எழுதி வாங்குவது நல்லது. டிரெய்லர் இழுப்பதுபோன்ற கடினமான வேலைக்குப் பயன்படும் வண்டிகளில், 45,000 மைலுக்கு, அதாவது சுமார் 72,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இந்த எண்ணெயை மாற்றும்படி அந்நிறுவனத்தின் பராமரிப்பு அட்டவணையே சொல்கிறது.