குழந்தையின் பயத்துக்குச் சிகிச்சை என்றால், அம்மா அப்பாவை ஏன் கூப்பிடுகிறார்கள்?

தாம்பரத்தை அடுத்த சேலையூர். காலை ஏழரை மணி. தெருமுனையில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது. "வயிறு வலிக்குதும்மா" என்று ஒற்றை ஷூவோடு அழுகிறாள் எட்டு வயது மகள். "சரிடா கண்ணு, இன்னிக்கு லீவு போட்டுக்கோ" என்கிறார் அம்மா. வேன் போகிறது, சற்று நேரத்தில் வலியும் போகிறது.

வலி பொய்யா? இல்லை. பயந்தால் மூளை உடம்பை உஷார்ப்படுத்தும். நெஞ்சு படபடக்கும், வயிறு பிசையும்.

லீவு கொடுத்தது தப்பா? கந்துவட்டியை நினைத்துப் பாருங்கள். கடன் வாங்கிய அன்று நிம்மதி. பிறகு வட்டி கழுத்தை நெரிக்கும். பயந்ததை ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் மூளை, 'தப்பித்ததால்தான் பிழைத்தோம்' என்று பாடம் படிக்கிறது. மறுநாள் பயம் வட்டியோடு வருகிறது.

அந்தக் கடனை அன்போடு கொடுப்பவர்கள் நாம்தான். ஆலோசகரிடம் குழந்தை இருப்பது வாரத்தில் ஒரு மணி நேரம்; மற்ற நேரமெல்லாம் நம்மோடு. அதனால்தான் நமக்கும் பயிற்சி.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு, 7 முதல் 14 வயது வரையான 124 குழந்தைகளிடம் இதைச் சோதித்தது. ஒரு பிரிவில் குழந்தைக்கு நேரடி சிகிச்சை; மறுபிரிவில் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன.

என்ன செய்யலாம்? உடல் கோளாறோ, பள்ளியில் யாராவது துன்புறுத்துவதோ இல்லையென்று முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு, "பயமா இருக்குன்னு புரியுது. ஆனா உன்னால தாங்க முடியும்" என்று சொல்லுங்கள். இன்று வேன் வரை, நாளை வகுப்பு வாசல் வரை எனப் படிப்படியாகக் கடனை அடைத்து வாருங்கள்.

தனியே முடியவில்லையா? அரசின் இலவச மனநல உதவி எண் 14416. தயங்காமல் அழையுங்கள்.