உறை மோர் போல ஒரு நோய்!

என் வைத்தியசாலைக்கு வந்த ஒரு தாயார் சென்ற வாரம் குறைப்பட்டுக்கொண்டார். "எம்.பி.பி.எஸ். முடிச்ச பையன், கிளினிக் போடாம புரதத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணப் போறேங்கிறான். இதுக்கா ஐயா டாக்டருக்குப் படிக்க வெச்சோம்?"

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழலாம். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1972-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஸ்டான்லி புருசினர் என்ற இளம் டாக்டர் நரம்பியல் பயிற்சியில் இருந்தார். ஞாபகசக்தி வேகமாகக் குறைந்துவந்த ஒரு பெண் அவரிடம் சிகிச்சைக்கு வந்தார். நோயின் பெயர் குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப். பெயர் தெரிந்தது, மருந்துதான் இல்லை. அந்த அம்மாள் இறந்தபிறகும் புருசினர் அதை விடவில்லை. டாக்டர் பட்டத்துக்குப் பிறகு மூன்று வருடம் ஆய்வுக்கூடத்தில் நொதிகளைப் பிரித்தெடுத்துப் பழகிய கை அவருடையது.

ஹாம்ஸ்டர் மூளைகளில் தேடித் தேடி, பத்து வருஷம் கழித்து 1982-ல் அறிவித்தார்: நோயைப் பரப்புவது வைரஸ் அல்ல, வெறும் புரதம்! 'பிரியான்' என்று பெயரும் வைத்தார். பலர் நம்பவே இல்லை.

விஷயம் இதுதான். முட்டையின் வெள்ளைக்கருவை வேகவைத்தால் எதுவும் சேர்க்காமலே கெட்டியாகிவிடுகிறதல்லவா? புரதத்தின் மடிப்பு மாறுவதால் வருவது அது. நம் மூளையில் இயல்பாகவே உள்ள ஒரு புரதம் தப்பாக மடிந்தால், பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப்போல மடக்கிவிடும். ஒரு ஸ்பூன் உறை மோர் ஒரு பானைப் பாலையும் தயிராக்குவதுபோல! மோரிலாவது கிருமி உண்டு. இதில் அதுவும் கிடையாது. சாதாரணமாகக் கொதிக்கவைத்தாலும் சாகாது, உயிர் இருந்தால்தானே! எல்லாவற்றையும் தீயில் வைத்து சுத்தி செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய பாடம்.

1997-ல் புருசினருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

புரத வடிவம் படிக்கிறவர்கள் உலகில் எங்கிருந்தாலும் 'ராமச்சந்திரன் வரைபட'த்தைத் தாண்டிப் போக முடியாது. அது 1963-ல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரன் குழு தந்தது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கஷ்டத்தையும் மறைக்கவில்லை. அமெரிக்காவில் மருத்துவமும் ஆராய்ச்சியும் சேர்த்துப் படிக்கவே ஏறத்தாழ எட்டு வருடம் ஆகும். அதன்பின்தான் சிறப்புப் பயிற்சி. கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் தள்ளிப்போகலாம்.

"அப்ப அவன் நோயாளியையே பார்க்கமாட்டானா?" என்றார் அந்தம்மா. "பார்ப்பான்மா. அந்த நோய்க்கு இன்னும் மருந்து இல்லையே" என்றேன்.