குடும்பப் படங்களைப் பேணுதல்

மூணாற்றை அடுத்த இராஜமலையில் 2006-ஆம் ஆண்டு நீலக்குறிஞ்சி பூத்தது. மீண்டும் 2018-இல் பூத்தது. இருமுறையும் எடுத்த படங்கள் ஒரே இடத்தில் கலந்துவிட்டால், எது எவ்வாண்டினது என்று கூறுதல் அரிது. மலையும் அதுவே, மலரும் அதுவே. ஐப்பசிதோறும் கல்பாத்தித் தேரைப் படமெடுக்கும் பாலக்காட்டு இல்லங்களிலும் இதே இடர்ப்பாடுதான்.

முன்னாளில் ஸ்டூடியோப் படத்தின் பின்புறம் பெரியவர்கள் நாளும் பெயரும் எழுதி வைத்தனர். இன்றைய கைப்பேசிப் படத்திற்குப் பின்புறம் இல்லையே என எண்ணுகிறோம். உண்மையில் உண்டு. எடுத்த நாள், நேரம் ஆகியவற்றைக் கருவியே படக்கோப்பினுள் பதித்துவிடுகிறது. இடமறியும் வசதி இயங்கினால் இடத்தையும் குறிக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்பொழுது கோப்பு சுருங்குவதோடு இக்குறிப்புகளும் நீங்கிவிடுகின்றன. ஆவணமாக அனுப்பினால் அவை நிலைக்கும். ஆதலின் உறவினர் எடுத்த திருமணப் படங்களை மூலக்கோப்பாகவே கேட்டுப் பெறுதல் நலம்.

கோப்புறைக்குப் பெயரிடுங்கால் ஆண்டை முதலிலும், அடுத்து மாதத்தையும், இறுதியில் நாளையும் எழுதவேண்டும். ‘2018-09-02 இராஜமலை’ என்றிருந்தால் கணினி தானே காலவரிசையில் அடுக்கிவிடும். நாளை முதலில் எழுதினாலோ, எல்லா ஆண்டுகளின் இரண்டாம் தேதிகளும் ஓரிடத்தில் கூடிக்கொள்ளும்! பழைய காகிதப் படத்தைக் கைப்பேசியில் படியெடுத்தால் படியெடுத்த நாளே பதியும் என்பதையும் மறத்தலாகாது. பாட்டியின் திருமணம் சென்ற வாரம் நடந்ததாகக் கணினி கருதும். அத்தகைய படங்களுக்கு ‘1965 அளவில்’ என நாமே எழுதுதல் வேண்டும்.

நாளைக் கருவி அறியும், உறவை அறியாது. ஒரே முகம் வரும் படங்களைக் கணினி இன்று தொகுத்துத் தருகிறது. எனினும் லயத்து வாசலில் கொழுந்துக் கூடையோடு நிற்பவர் அப்பாவின் சின்ன அத்தை என்று சொல்லப் பெரியவர் ஒருவர் வேண்டும். அவர் இருக்கும்போதே அருகில் அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்வதே இவ்வேலையில் முதன்மையானது. மங்கலான படங்களைக் களைவது பிறகு ஆகட்டும்.

1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் இரயில் பாதையை அழித்தது. பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை; அந்த இரயிலின் தோற்றத்தை நாம் அறிவது பழம்படங்களால்தான். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டனர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் மண்ணுள் புதைந்தன. உயிரோடு ஒப்பிடப் படம் பெரிதன்று. ஆயினும் இழந்தவரின் முகத்தைக் காண எஞ்சியோருக்கு வேறு வழி ஏது?

ஆதலால் படங்கள் கைப்பேசியில் மட்டும் இருத்தல் போதாது. வீட்டில் வன்தட்டு ஒன்றில் ஒரு படி இருக்கட்டும். மற்றொரு படி மலைக்கு வெளியே, போடியிலோ கோயம்புத்தூரிலோ உள்ள உறவினர் இல்லத்தில் இருக்கட்டும். இணையச் சேமிப்பிலும் வைக்கலாம். கடவுச்சொல்லை மட்டும் வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்கவேண்டும். ஆண்டுக்கொரு முறை, பொங்கலுக்கு ஊர் செல்லும்போது, அவ்வன்தட்டைத் திறந்து படங்கள் தெரிகின்றனவா எனப் பார்த்துப் புதியவற்றைச் சேர்த்து வரலாம்.