தாம் எழுதிய சட்டம்

1676-ஆம் வருஷம் ஜூன் மாதம் 6-ந் தேதி. டென்மார்க்கின் தலைநகரமாகிய கோபன்ஹேகனில், கோட்டையினுள்ளே ஒரு கொலைமேடை அமைக்கப்பட்டிருந்தது. அதன்மீது மண்டியிட்டிருந்தவர் சாமானியக் குற்றவாளி அல்லர். மூன்று மாதங்களுக்கு முன்பு வரையில், டென்மார்க், நார்வே என்னும் இரு ராஜ்யங்களையும் மன்னர் பெயரால் நடத்தி வந்த மகாமந்திரி அவர். அவருடைய குலச்சின்னம் கண்ணெதிரிலேயே உடைத்தெறியப்பட்டது. கொலைஞன் தன் தொழிலை முடிக்க ஆயத்தமானான். அந்தக் கணத்தில் அரசருடைய மன்னிப்பு வந்து சேர்ந்தது! தலை தப்பியது, ஆனால் ஆயுள் முழுதும் சிறை. அதைக் கேட்ட மந்திரி, "தண்டனையைவிட இந்த மன்னிப்பே கொடியது" என்று கூறினாராம். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பதைப் பின்வந்த இருபத்திரண்டு வருஷங்கள் நிரூபித்தன.

அவர் பெயர் பேதர் ஷூமாகர். 1635-ல் கோபன்ஹேகனில் ஒரு திராட்சை மது வியாபாரியின் மகனாகப் பிறந்தார். பத்து வயதிலேயே சர்வகலாசாலையில் சேர்ந்த மேதாவி. வெளிநாடுகளுக்குச் சென்று, இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டிலும் கல்வி பயின்றார். தாயகம் திரும்பியபின், மூன்றாம் பிரெடரிக் மன்னரின் புத்தகசாலைக்குத் தலைவரானார். அரசரின் அந்தரங்க விசுவாசத்துக்கும் பாத்திரமானார்.

அக்காலத்தில் அந்நாட்டில் ஒரு பெரும் மாறுதல் நேர்ந்தது. அதுவரையில் டென்மார்க் மன்னரைப் பிரபுக்களே தேர்ந்தெடுத்து, நிபந்தனைகளுக்கு உட்படுத்தி வந்தனர். 1660-ல் அம்முறை ஒழிந்தது. முடி பரம்பரைச் சொத்தாயிற்று. அந்தப் புதிய அதிகாரத்துக்கு ஒரு சாசனம் வேண்டுமல்லவா? அதை எழுதும் பணி ஷூமாகரின் பேனாவுக்குக் கிடைத்தது. 1665-ல் மன்னர் கையெழுத்திட்ட அந்த 'ராஜ சட்டம்', பூமியிலுள்ள எல்லா மனிதச் சட்டங்களுக்கும் மேற்பட்டவர் மன்னர் என்றும், கடவுளைத் தவிர அவருக்கு வேறு நீதிபதி இல்லை என்றும் விதித்தது. ஐரோப்பாவில் வரம்பில்லா முடியாட்சியை இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைத்த சாசனம் வேறொன்றைக் காண்பது அரிது. இதன் நுகத்தடி டேனியர் கழுத்தில் மட்டும் ஏறவில்லை; நார்வே மக்களின் கழுத்திலும் ஏறியது.

1670-ல் ஐந்தாம் கிறிஸ்டியன் பட்டத்துக்கு வந்தார். மது வியாபாரியின் மகன் 1671-ல் கிரிபென்பெல்ட் என்ற புதுப் பெயருடன் பிரபுவானார். 1673-ல் நார்வேயில் டுன்ஸ்பர்க் நகரைச் சூழ்ந்த பெரிய ஜமீன் ஒன்று அவருடையதாயிற்று. இளம் மன்னர் அவரைக் கேளாமல் எதையும் செய்வதில்லை. ஆனால் ஏற்றம் எவ்வளவு வேகமோ, அவ்வளவு வேகமாகப் பகையும் வளர்ந்தது. பழைய பிரபுக்கள் பொருமினர். அவரிடமும் குற்றம் இல்லாமற் போகவில்லை. உத்தியோகங்களைக் கொடுப்பதற்குக் கைநீட்டிப் பணம் வாங்கினார், அதை மறைப்பதற்கில்லை. ஸ்வீடனோடு யுத்தம் வேண்டுமென்று மன்னரும் மற்றவர்களும் துடித்தபோது, அவர் சமாதானத்தையும் பிரான்ஸின் நட்பையும் நாடினார். 1675-ல் யுத்தம் மூண்டது. சத்துருக்கள் காத்திருந்த சமயமும் வாய்த்தது.

1676 மார்ச் 11-ந் தேதி, மன்னரைக் காண அரண்மனைக்குச் சென்றவர், மன்னர் பெயராலேயே கைது செய்யப்பட்டார். அவருடைய கடிதங்களையும் தஸ்தாவேஜுகளையும் வாரக்கணக்கில் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். ராஜத் துரோகத்துக்கு அத்தாட்சி ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம் தினக்குறிப்பில் ஒரு வரிதான்: அந்நிய நாட்டு ஸ்தானிகர் ஒருவரிடம் மன்னர் குழந்தையைப் போலப் பேசிவிட்டார் என்று அவர் எழுதி வைத்திருந்தார். மன்னரின் மனத்தை எரிய வைக்க அந்த ஒரு பொறி போதாதா?

வழக்கைச் சாதாரண உச்ச நீதிமன்றம் விசாரிக்கவில்லை. இதற்கென்றே பத்துப் பேரைக் கொண்ட தனிச் சபை நியமிக்கப்பட்டது. அதற்கு முன் 46 நாட்கள் வெளிச்சமின்றி, புத்தகமின்றி, எழுதுகோலுமின்றி அடைபட்டுக் கிடந்தவர், வக்கீல் உதவியும் மறுக்கப்பட்டு, தாமே எழுந்து வாதாடினார். லஞ்சம் வாங்கியது குற்றந்தான். ஆனால் சிரச்சேதத்துக்குரிய குற்றம் அன்று. எனினும் மரண தண்டனையே விதிக்கப்பட்டது. நீதிபதிகளில் ஒருவர் மட்டும் கையெழுத்திட மறுத்து, இது அநியாயம் என்று மன்னரிடமே எடுத்துரைத்தார். அந்த ஒரு குரல் எடுபடவில்லை.

எங்கே முறையிடுவது? மன்னருக்கு மேல் நீதிமன்றம் உண்டா? இல்லை என்று எழுதி வைத்தவர் யார்? அவரேயல்லவா!

நான்கு வருஷம் கோபன்ஹேகன் கோட்டையில் கழிந்தது. 1680-ல் அவரை நார்வேக்குக் கொண்டுபோய், திராந்தைம் நகருக்கு எதிரே கடற்கழியில் உள்ள மங்க்ஹோல்மன் என்ற சிறு தீவில் அடைத்தார்கள். பூர்வத்தில் துறவிகள் மடம் கட்டி வாழ்ந்த தீவு அது. வடதிசைப் பனிக்காற்றையும் அலையோசையையும் கேட்டுக்கொண்டு பதினெட்டு வருஷங்கள் அங்கே கழித்தார். நோய் முற்றிய பின்பு, 1698-ல் கரையில் வசிக்க அனுமதி கிடைத்தது. மறு வருஷம் மார்ச் 12-ந் தேதி, திராந்தைமிலேயே காலமானார்.

அவர் மறைந்த பின்பும் அவருடைய சட்டம் மறையவில்லை. நார்வேயில் அது 1814 வரையிலும், டென்மார்க்கில் 1849 வரையிலும் நிலைத்திருந்தது. 1814-ல் ஐட்ஸ்வோல் என்னுமிடத்தில் நார்வே மக்களின் பிரதிநிதிகள் 112 பேர் கூடி, மே மாதம் 17-ந் தேதி தங்கள் சொந்த அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்டார்கள். சட்டப்படியன்றி எவரையும் குற்றவாளி என்று தீர்க்கலாகாது, தீர்ப்பின்றி எவரையும் தண்டிக்கலாகாது என்பது அதில் ஒரு விதி. அங்கே கூடியவர்களில் ஒருவர் ஹெர்மன் வேடல் யார்ல்ஸ்பர்க். முன்பு கிரிபென்பெல்டின் கையிலிருந்து பறிக்கப்பட்டு, பெயரும் உடைமையாளரும் மாறிய அதே ஜமீனின் பிரபு அவர்!

பிறரைக் கட்டுவதற்கென்று திரிக்கும் கயிறு, ஒருநாள் திரித்தவன் கையையே கட்டும். அரசனுக்கு வரம்பில்லை என்று எழுதுகிறவன், தனக்குப் பாதுகாப்பில்லை என்றும் சேர்த்தே எழுதுகிறான். மங்க்ஹோல்மன் தீவின் கைதிக்கு அதை உணர அவகாசம் நிறைய இருந்தது. ஆனால் எழுதியதை அழிக்கும் வல்லமை மட்டும் அவர் கையில் இருக்கவில்லை. அதற்கு ஒரு ஜன சமூகம் விழித்தெழ வேண்டியிருந்தது.